1969 எஸ் அமெரிக்க சென்டில் தேதி இரட்டையாகத் தெரிகிறது. அசல் டபுள் டையா, வெறும் தேய்மானமா?

முதலில் தேதிக்குக் கீழே உள்ள எஸ் எழுத்தைப் பாருங்கள்; நாணயம் அடித்த சாலையைக் காட்டும் மின்ட் எழுத்து அது. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். அசல் டபுள் டை, நாணயம் அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போதே ஹப் (அச்சில் உருவத்தைப் பதிக்கும் எஃகு முத்திரை) இரண்டாம் முறை சற்றுத் திரும்பி அழுத்தியதால் வருவது. அந்தக் காலத்தில் மின்ட் எழுத்தை அதன்பிறகே தனியாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். அதனால் தேதியும் லிபர்ட்டி என்ற சொல்லும் இரட்டித்திருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக இருக்கும். எஸ்ஸும் இரட்டித்திருந்தால், நாணயம் அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்த மெஷின் டபுளிங். அதற்குக் கூடுதல் விலை கிடையாது.

எஸ் ஒற்றையாக இருக்கிறதா? 10 மடங்கு லென்ஸை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். அசலில் இரண்டு உருவங்களும் மேடாக, உருண்டையாக இருக்கும். எழுத்து தடித்து, முனைகளில் சிறு பிளவு தெரியும். மெஷின் டபுளிங்கில் ஓரத்தைச் சீவிவிட்டதுபோல் தட்டையான படி இருக்கும், எழுத்து மெலிந்திருக்கும்.

தேய்மானம் உலோகத்தைக் குறைக்கும், இரண்டாவது உருவத்தை உண்டாக்காது. அடிபட்ட இடத்தில் உலோகம் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கும், பக்கத்திலேயே கீறலும் இருக்கும். கொஞ்சம் ஏமாற்றுவது, நாணயம் அல்லாமல் அதை அடித்த அச்சே தேய்ந்திருப்பதுதான்: 1955 சென்ட் பலவற்றில் கடைசி 5 மட்டும் நிழல்போல் இரட்டையாகத் தெரியும். அதை அசல் என்று விற்பவர்கள் உண்டு. அசல் 1955இல் தேதி முழுவதும், மேலுள்ள வாசகமும் கண்ணுக்கே தெரியுமளவு இரட்டித்திருக்கும்.

எதுவானாலும் நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அசலாக இருந்தால் விலை விழுந்துவிடும்.