ஜட்டி போட்ட அடோனிஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்து ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1962-இல் வரைந்த 'அடோனிஸ் இன் ஒய்-ஃபிரண்ட்ஸ்' ஓவியத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். அடோனிஸ் கிரேக்கக் கதையில் வரும் பேரழகன்; ஒய்-ஃபிரண்ட்ஸ் என்பது ஒரு வகை ஜட்டி. ஓவியம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறவன் நான். அதனால் இந்தப் படம் எனக்கு ரொம்பப் பக்கம்.

காங்கேயத்திலிருந்து ஒருவர்: ஏனுங்க, ஜட்டி விளம்பரத்தை வரைஞ்சா அது ஓவியமாங்க?

ஆமாங்க. ஆம்பளை அழகை விளம்பரம் எப்படி உண்டுபண்ணுகிறது என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார். மார்புக்கு மூலம், கிரேக்கச் சிற்பி பிராக்சிடலீஸ் செய்ததாகச் சொல்லப்படும் ஹெர்மிஸ் என்கிற தெய்வத்தின் சிலை. அதுவும் பத்திரிகையில் அச்சான போட்டோவாக வந்தது. கூடவே ஸ்பிரிங் இழுக்கிற செஸ்ட் எக்ஸ்பாண்டர், இடுப்பில் ஜட்டி. மூன்றும் வெவ்வேறு இடத்துச் சரக்கு. ஆனாலும் ஒரே ஆள் என்று கண் நம்பிவிடுகிறது.

உங்கள் வீட்டு ஜட்டிப் பெட்டி மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்க. அந்த மாடலின் மார்பு முழுக்க நாலு கலர் புள்ளிதான். எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிற இடத்தில் மையே இருக்காது, வெறும் வெள்ளை அட்டை. அந்த வெள்ளைக்குத்தான் நாம் மயங்குகிறோம்.

பேரூர்: எங்க கோயில் கனகசபைத் தூண்ல இருக்கற வீரபத்திரர் இதைவிட அழகுங்களே!

எனக்கும் அவர்தான் ஒசத்தி. அங்கே உடம்பு மொத்தமும் ஒரே வேகத்தில் இருக்கும். ஹாமில்டனுக்கு அது வேண்டியதில்லை. கடைக்காரன் எந்தத் துண்டைக் காட்டி விற்கிறானோ, அது போதும்.

ஈரோடு: கேலி பண்றாருங்களா?

அப்படி எனக்குத் தோணலைங்க. சின்ன வயதில் விளம்பர வேலை பார்த்தவர். 1957-இல் எழுதின ஒரு கடிதத்தில் பாப் ஆர்ட்டுக்கு, அதாவது விளம்பரம், பத்திரிகை மாதிரி வெகுஜனச் சரக்கிலிருந்து எடுத்துச் செய்கிற கலைக்கு, இலக்கணமே சொன்னார்: விலை மலிவு, ஏராளமாக உற்பத்தி, இளமை, கவர்ச்சி, பெரிய வியாபாரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அத்தனையும் அவருக்குப் பிடித்திருந்தது, சந்தேகமும் இருந்தது. ஆண்களின் உடை பற்றி அவர் வரைந்த ஓவிய வரிசையில் ஒன்று இந்த அடோனிஸ். இன்னொன்றில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியே விண்வெளித் தொப்பியோடு நிற்கிறார்!

பெருந்துறை: முதல்லயே பயில்வான் படம் ஒண்ணு செஞ்சாரில்லீங்க?

ஆமாங்க, 1956-இல் செய்த கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டினது. பயில்வான் கையில் 'பாப்' என்று எழுதின லாலிபாப். சுமார் 26 செ.மீ. உயரம்தான்.

கோபி, கல்லூரி மாணவர்: அண்ணா, நானும் இப்படிச் செய்யணும். எப்படித் தொடங்கறது?

ஹாமில்டனும் 1963-இல் இதே அடோனிஸை லண்டன் கெல்ப்ரா ஸ்டுடியோவில் ஸ்கிரீன் பிரிண்டாகப் போட்டார் கண்ணு, நம்ம தொழில்தான். திருப்பூர் காதர்பேட்டையில் காலி ஜட்டிப் பெட்டி நாலஞ்சு வாங்கு. ஒன்றில் தோள், ஒன்றில் இடுப்பு என்று வெட்டி ஒட்டு. ஒட்டின இடத்தை மறைக்காதே. அதை அச்சிட, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் எடுக்கணும். முதலில் ரெண்டு கலர் மட்டும் போடு. ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல் இன்னொரு கலர் பொருந்துவது, சரியாக உட்கார்ந்த பிறகு மூணாவதுக்குப் போகலாம்.