எலும்பில் வைக்கும் டைட்டானியத்தில் ஏன் துளைகள்? அவற்றை எப்படி உண்டாக்குகிறார்கள்?

உறுதியான உலோகத்தை வேண்டுமென்றே துளைத்தால் அது வலுவிழந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வலு குறையத்தான் செய்யும். ஆனால் கூடவே விறைப்பும் குறைகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

கெட்டி டைட்டானியத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, சுமார் 110 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு 10 முதல் 30 வரைதான். இரண்டும் சேர்ந்து சுமக்கும்போது பெரும்பாரத்தை உலோகமே வாங்கிக்கொள்கிறது. சுமை இல்லாத எலும்பு மெலியும் என்பதை ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதினார். சுற்றியுள்ள எலும்பு மெலிந்தால், உள்ளே வைத்த உலோகம் (உள்வைப்பு) ஆட்டம் காணும். உலோகத்தின் கன அளவில் எழுபது சதவீதத்தைத் துளைகளாக்கினால் விறைப்பு ஏறத்தாழ 10 ஜிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும்.

நான் செய்து பழகியது யூரியா முறை. டைட்டானியத் தூளோடு யூரியா மணிகளைக் கலந்து அச்சில் அழுத்துவோம். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் யூரியா கரைந்து வெளியேறும். மணி இருந்த இடம் துளையாகும். எஞ்சியதை, காற்றை நீக்கிய வெற்றிடச் சூளையில் 1200 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் தூள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

என் முதல் வில்லைகளில் யூரியாவை நாற்பது சதவீதம்தான் சேர்த்தேன். பல மணிகள் ஒன்றையொன்று தொடாமல் உலோகத்துக்குள் சிறைப்பட்டுவிட்டன. உலர்த்தி எடைபோட்டபோது, போட்ட யூரியா முழுவதும் வெளியேறவில்லை என்று தெரிந்தது. அதைப் பொருட்படுத்தாமல் சூளையில் வைத்தேன். சூட்டில் டைட்டானியம் ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வந்த வில்லை கண்ணாடித் துண்டுபோல் முறிந்தது. அன்றிலிருந்து எடைக் கணக்கு சரியாக வராத எதையும் நான் சூளைக்குள் விடுவதில்லை.

அதனால்தான், துளை எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லும் அறிக்கை எனக்குப் போதாது. துளைக்கும் துளைக்கும் இடையே வழி இருக்கிறதா? எலும்பு துளைகளுக்குள் வளர வேண்டுமானால் ரத்த நாளம் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். பொதுவாக 300 முதல் 600 மைக்ரான் (0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்) துளைகளை விரும்புகிறார்கள். ஆனால் இடைவாசல் குறுகலாக இருந்தால் அந்த அளவால் பயனில்லை.

தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக உருவாக்கும் முப்பரிமாண அச்சில் இந்த வழிகளை நாமே வரைந்துகொள்ளலாம். அது பெரிய வசதி. ஆனால் அங்கேயும் பாதி உருகிய தூள் உருண்டைகள், துளைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகக் கம்பிகளில் ஒட்டியிருக்கும். அவற்றை அமிலத்தில் அரித்து நீக்காவிட்டால் பின்னால் உதிரலாம். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசலும் அந்தச் சொரசொரப்பிலிருந்தே தொடங்கும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் யூரியாவை அறுபது சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். முதல் வில்லையைச் சோதனைக்கு அனுப்பும் முன் குறுக்காக அறுத்து, துளைகள் தொடர்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.