குழியில் போட்ட சருகு ஏன் மட்கவில்லை? – வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்

வாசகி, தாம்பரம்: வாசலில் பாதாம் மரம், கொல்லையில் மாமரம். சருகைக் குழியில் கொட்டி ஒரு வருஷமாகிறது. மேலே அப்படியே கிடக்கிறது, அடியில் சேறு நாறுகிறது. பேசாமல் கொளுத்திவிடலாமா?

கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதைவிட, எருவாக வேண்டியது புகையாகப் போகிறதே என்பதுதான் எங்கள் வருத்தம்.

உங்கள் சிக்கல் குழியில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் தேங்கினால் காற்றுப் போகாது, நாற்றம் வரும். மேலே இருக்கும் பாதாம் இலையோ தடித்தது, மெழுகுப் பூச்சுள்ளது. ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வழியவிட்டுவிடும். எனவே தரைக்கு மேலேயே மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டுங்கள். அதைவிடச் சிறிதாக இருந்தால் குவியலில் சூடு நிற்காது. சருகைச் சாக்கில் அடைத்து மிதித்து நொறுக்குங்கள். பத்துக் கூடைச் சருகுக்கு இரண்டு கூடைப் பச்சைச் சாணம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். சாணம் கிடைக்காவிட்டால் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கை முதல்நாள் இரவே பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

ஒரு வாரத்தில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது. சுடவில்லை, எறும்பும் ஏறியிருக்கிறது என்றால் காய்ந்துவிட்டது. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் சாணம் மிஞ்சிவிட்டது, சருகு சேருங்கள். உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை படர்ந்தால் பயப்படாதீர்கள், அது மட்கச் செய்யும் நுண்ணுயிர்தான். 15 நாளுக்கொரு முறை புரட்டினால் நான்கைந்து மாதத்தில் எரு தயார்.

புரட்டும்போது விரல் பருமனில் வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடைத்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து வண்டாகிப் பறந்தால் அக்கம்பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும்.

வாசகர், மேலூர்: வேலியோரம் சவுண்டல் மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. துளைபோட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுவிடும் என்கிறார்கள். பாதரசமும் சொன்னார்கள்.

பெருங்காயத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதரசம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும் விஷம், தொடவே வேண்டாம். கல் உப்பைக் கொட்டினால் சவுண்டலோடு அந்த இடமே பாழ். அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி தோண்டி, பக்கவேர்களை அறுத்து, ஆணிவேரைத் தரைக்கு ஓரடி கீழே வெட்டி எடுங்கள். தோண்ட இடமில்லையென்றால் துளிரை விரல் நீளம் வரும்போதெல்லாம், இரண்டு வாரத்துக்கொரு முறையாவது, ஒடித்துக்கொண்டே இருங்கள். வேரில் சேமித்த மாவுச்சத்து தீரும்வரை விடக்கூடாது. ஒரு தடவை அசந்தால் கணக்கு முதலிலிருந்து. காய் முற்றுமுன் வெட்டுவது முக்கியம், உதிர்ந்த விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

வாசகர், கும்பகோணம்: மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்தது. ஆசிட் ஊற்றினேன். மறுபடி வந்துவிட்டது.

ஆசிட் சிமென்டையும் சுண்ணாம்பையும் கரைத்து, உள்ளே கம்பி இருந்தால் அதையும் அரிக்கும். விரிசல் பெரிதானால் வேருக்குத்தான் கொண்டாட்டம். வேர் தடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், செங்கல்லோடு வரும். வேர் போகும் வழியே இருபுறமும் பூச்சை உளியால் கொத்தி, வருகிற அளவு உருவுங்கள். எட்டாத துண்டுக்குப் புதிதாக வெட்டிய முகத்தில் உடனே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடவவேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் வெட்டுவாய் உலர்ந்து மருந்து இறங்காது. பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர் மூலமாகவே அதைப் பயன்படுத்தவேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது, அதனால் ஆளைக் கூப்பிடுங்கள். அன்றே சிமென்ட் பூசிவிடாமல் இரண்டு மாதம் துளிர் வருகிறதா என்று பாருங்கள். உயிருள்ள வேர்மேல் பூசினால் பருத்துப் பூச்சை உடைக்கும். பிறகு விரிசலைக் கழுவி நனைத்து, ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த மணல் கலவையால் அழுத்தி அடையுங்கள். பக்கத்தில் மழைநீர்க் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் காக்கை எச்சத்தில் விழும் அடுத்த விதையும் அங்கேயே முளைக்கும்.