அருவி இரைச்சலில் ஹைக்கூ எங்கே?

பென்னாகரம் வாசகர் கேட்கிறார்: "ஒகேனக்கல் அருவிச் சத்தத்தை போனில் பதிவு செய்து, மூன்று வரி ஜப்பானியக் கவிதையான ஹைக்கூ மாதிரி 5-7-5 என்று சுரங்களை அடுக்கி, பின்னணியில் மெல்ல ஓடும் ஆம்பியன்ட் இசை செய்கிறேன். எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. வெளியிட்டுத் தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். காரணம் பிறகு, முதலில் இரைச்சல்.

அருவிக்குப் பக்கத்தில் கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை எல்லாவற்றையும் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். சிந்த் (மின்னணு இசைக்கருவி) நுழைய இடமிருக்காது. பரிசல் துறைக்குப் போங்கள். துடுப்பு நீரில் இறங்கும் ஒரு 'ளப்', தூக்கும்போது சொட்டும் நாலைந்து துளி, அவ்வளவு போதும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்காத பதிவுச் செயலி வேண்டும். செயலி காட்டும் ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. பிறகு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள கனத்த ஒலியை வெட்டிவிடுங்கள். காற்று மைக்கில் மோதும் 'தொம்தொம்' பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஜப்பானியர் 5-7-5 என்று எண்ணுவது நம் அசையை விட மாத்திரைக்கே நெருக்கம்; சுரத்தை எண்ணி வைத்துப் பயனில்லை. ஹைக்கூவின் உயிர், கவிதையை நடுவே வெட்டி நிறுத்தும் 'கிரெஜி' என்ற வெட்டுச்சொல்லில் இருக்கிறது. இசையிலும் அப்படி ஒரு வெட்டு வையுங்கள். சிந்த் ஒலியை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். 8 விநாடி ரிவெர்ப் (ஒலி நின்ற பின்னும் நீளும் முழக்கம்) முழுக்க அடங்கட்டும். அதன்பின் துடுப்பு. லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளை, 19, 23, 29 விநாடி என வையுங்கள்; மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க மூன்றரை மணி நேரமாகும்.

இனி அந்த 15,000. முன்பணமே கேட்காமல் வருமானத்தில் பங்கு எடுக்கும் வெளியீட்டுச் சேவைகள் உண்டு. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்குங்கள். இடைத்தரகர் நீட்டும் தாளில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வரியைத் தேடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்பது 1957 பதிப்புரிமைச் சட்டம். அதனால்தான் அந்த வரியை மறக்காமல் சேர்க்கிறார்கள். 'காப்பிரைட் எடுத்துத் தருகிறேன்' என்பதற்கும் காசு கேட்பார்கள். இசை உருவானதுமே உரிமை உங்களுடையது, அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய விரும்பினால், ஒலிப்பதிவுக்கு அரசுக் கட்டணம் 2,000 ரூபாய். ஆட்சேபத்துக்கென்றே 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகும் சான்றிதழுக்காக உட்கார வைக்கிறார்கள். தனியாளாக இசை செய்பவரை இப்படி அலைக்கழிப்பதுதான் தரகர்களை வளர்க்கிறது.

கவிதையை இசைக்குள் வாசிப்பதானால் மட்டும் கவனம். ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1694இல் மறைந்தவர், மூலத்துக்குத் தடையில்லை. தமிழ் மொழிபெயர்ப்புக்கோ, மொழிபெயர்த்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. மூன்று வரிதானே என்று எடுக்காதீர்கள், ஹைக்கூவில் மூன்று வரி என்றால் முழுக் கவிதை. ஆங்கிலம் வழியாக நீங்களே மொழிபெயர்த்தாலும், அந்த ஆங்கிலத்துக்கு இன்னும் உரிமை இருந்தால் அனுமதி வேண்டும், அதுவும் எழுத்தில்.