சிவப்புச் சட்டைக்குத் தடை

கேள்வி: எனக்கு 22 வயது. விளம்பர நிறுவனம் ஒன்றில் கணினியில் படம் வரைகிற வேலை. எங்கள் தெருக்கோடி வீட்டில் 78 வயது ஓவியர் ஒருவர் தனியாக இருக்கிறார். போன ஞாயிறு நண்பனோடு அவரைப் பார்க்கப் போனேன். என் சிவப்பு டீ-ஷர்ட்டைப் பார்த்ததும் வாசலிலேயே, "இதோடு உள்ளே வராதே" என்றார். எட்டிப் பார்த்தால் அறை மங்கலாக இருக்கிறது, விளக்குப் போடவில்லை. கொடியில் எண்ணெய்க் கந்தல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்டிருக்கிறார். படங்களெல்லாம் சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன. பூனையை 'ஜட்ஜ் ஐயா' என்று கூப்பிடுகிறார். பயந்து திரும்பிவிட்டோம். இப்போது பால்காரரிடம், "அந்தச் சிவப்புச் சட்டைப் பையனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "கழன்ற கேஸ், போகாதே" என்கிறார் அம்மா. போகலாமா?
- பெயர் வேண்டாம், தாம்பரம்.

பதில்: போங்கள் தம்பி. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு போங்கள்.

ஈரமான எண்ணெய் வர்ணம் பளபளப்பாக இருக்கும். அதன் முன்னால் சிவப்புச் சட்டையோடு நின்றால் அந்தச் சிவப்பு படத்தின் மேல் அடிக்கும். அவர் அரைமணி நேரம் கலந்து பிடித்த சாம்பல் நிறம் சாம்பலாகத் தெரியாது. விளக்குப் போடாததும் இதே சங்கதிதான். மஞ்சள் பல்பில் சரியாகத் தெரிந்த நீலம், காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் வேறாக இருக்கும். அநேகமாக வடக்கு ஜன்னல் ஒன்றை நம்பி வேலை செய்கிறார். அந்தப் பக்கம் நேர்வெயில் விழாது என்று ஓவியர்கள் விரும்புவார்கள். நம் ஊரில் அதிலும் ஒரு சிக்கல்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயிலே வடக்கில் சாய்ந்துதான் அடிக்கும். அந்த மாதங்களில் அவர் ஜன்னலில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அதையும் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

கந்தல் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். வர்ணத்தில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. அப்போது சூடு பிறக்கும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துப் போட்டால் அந்தப் பயம் இல்லை. தனியாக இருக்கிற 78 வயதுக்காரர் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார் என்றால், கழன்றிருப்பது அவருக்கு இல்லை.

சுவரைப் பார்த்து நிற்கும் படங்கள்? ஒரு படத்தையே தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் அதிலுள்ள தப்பு கண்ணில் படாது. சில நாள் மறைத்து வைத்துவிட்டுத் திருப்பினால் பளிச்சென்று தெரியும். வரைவதைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்ன லியனார்டோ டாவின்சியும் இதற்காகத்தான் சொன்னார். இடம் வலம் மாறினால் வேறொருவர் படம் மாதிரி தெரியும்.

பூனைக்கு ஜட்ஜ் பதவி கொடுத்ததற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

அந்தப் படங்களைத் திருப்பிப் பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. பத்திரிகையில் சேர்ந்த புதிதில், தீபாவளி மலருக்குப் படம் வாங்கிவர ஒரு மூத்த ஓவியர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் உள்ளே போன நேரத்தில் ஒன்றைத் திருப்பினேன். கட்டைவிரல் ஈரத்தில் பட்டு, ஒரு பெண்ணின் கன்னம் காதுவரை இழுபட்டுவிட்டது. வந்து பார்த்தவர் திட்டவில்லை. எட்டு பிரஷ்ஷையும் ஒரு சோப்பையும் கொடுத்து, "கழுவு" என்றார். மண்ணெண்ணெயில் அலசி, உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, அதில் பிரஷ்ஷைச் சுழற்ற வேண்டும். நுரை முதலில் பழுப்பாக வந்தது, அப்புறம் ரோஸாக, அப்புறமும் ரோஸாக. வெள்ளை நுரை வரும்வரை விடவில்லை. ஐந்தாவது பிரஷ் கழுவும்போது அவராகவே பேச ஆரம்பித்தார். தீபாவளி மலர் படத்தைப் பற்றி இல்லை. முடி உதிரும் பிரஷ்களைப் பற்றி.

அதனால் நீங்களும் கேள்விப் பட்டியலோடு போக வேண்டாம். "ஏதாவது எடுத்து வைக்கணுமா சார்?" என்று கேளுங்கள். பெரிய கேன்வாஸை நகர்த்தத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்றால் யோகம்தான். நண்பன் வேண்டாம். இரண்டு பேர் போனால் நீங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வீர்கள், அவர் வேடிக்கைப் பொருளாகிவிடுவார். செல்போன் பையிலேயே இருக்கட்டும். "சூப்பர் சார்" என்று எல்லாப் படத்துக்கும் சொல்லாதீர்கள். எதையும் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

முதல் நாளே விலையும் கேட்காதீர்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் படத்தை விற்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. உங்கள் ஓவியரின் கணக்கு என்ன என்று நமக்குத் தெரியாதே. அவராக ஒரு படத்தைக் கொடுத்தால்? முதல் சந்திப்பில் வாங்காதீர்கள். அடுத்த வாரம் ஞாபகம் வந்து தேடுவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கலைஞர் என்பதற்காக எதையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. மரியாதைக்குறைவாகப் பேசினால், "வர்றேன் சார்" என்று எழுந்துவிடுங்கள். ஆனால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர் அப்படிச் செய்வார் என்று தோன்றவில்லை.

பழைய சாம்பல் நிறச் சட்டை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வேண்டாம், கறை போகாது. அரை டஜன் வாழைப்பழம் போதும். காபி கொடுத்தால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வர்ணத்தை இளக்குகிற டர்பன்டைன் டம்ளரும் பக்கத்திலேயேதான் இருக்கும்.