மல்பெக் கொடி பண்டாரவளையில் வளருமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன், ஆர்ஜென்டினா நாட்டு மல்பெக் வைன் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். 1100 மீற்றர் உயரத்தில் விளைந்த திராட்சை என்று லேபிளில் இருக்கிறது. பண்டாரவளையில் எங்கள் காணி அதைவிடக் கொஞ்சம் உயரம். மரக்கறியை விட்டுவிட்டு மல்பெக் போடலாமா?

பதில்: மரக்கறியை விட்டுவிடாதீர்கள். லேபிளில் உயரம் இருக்கிறது, மழை இல்லை. அந்தத் திராட்சை பெரும்பாலும் விளையும் மெந்தோசா, அந்தீஸ் மலையடிவாரத்து வறண்ட பூமி. வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் சொச்சம்தான் மழை. மலைப்பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, கொடிக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிறார்கள். பகல் வெயிலில் பழத்தோல் தடித்துக் கறுக்கிறது. இரவுக் குளிரில் புளிப்புக் கரையாமல் நிற்கிறது. மல்பெக்கின் கருஞ்சிவப்பும் கனமும் அப்படி வருபவை.

கொடியின் பூர்வீகம் பிரான்சின் கஹோர். 1853இல் மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அதை ஆர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார். கஹோர் கொடிகளில் பெரும்பகுதி 1956 உறைபனியில் பட்டுப்போனது. ஊர் விட்டுப் போன கொடி, போன இடத்தில்தான் பேர் வாங்கியது.

உங்கள் பக்கம் மெந்தோசாவைப் போல ஆறு மடங்குக்கும் மேல் மழை. ஒக்டோபர் தொட்டு ஜனவரி வரை இலை காயவே காயாது. கிழங்குக்குப் பூஞ்சண மருந்தடித்து அலுத்தவர்களுக்கு அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. அப்புறம், இந்தக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்க வேண்டும். நமக்குக் குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்த உறக்கத்துக்குப் பதிலாகத் திராட்சைக் கிளையை வெட்டித் துளிர்க்க வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே மாதக்கணக்கில் காய்ந்த வெயில். வகையும் இஸ்ரேல் புளூ போன்ற சாப்பிடும் பழம்.

ஆசைக்கு என்றால் பொலித்தீன் கூரையின் கீழ் இரண்டு கொடி வைத்துப் பாருங்கள். கன்றை அண்ணனின் பெட்டியில் வரவழைக்க மட்டும் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

சரி, கையிலிருக்கும் போத்தல். 16 முதல் 18 பாகை வெப்பம் அதற்குப் போதும். உங்கள் ஊர் இரவுக்கு அலமாரியில் இருந்தாலே சரி. பகலென்றால் கால் மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். ஆட்டிறைச்சிக் கறி நன்றாகப் பொருந்தும், ஆனால் மிளகாய்த்தூளைக் குறையுங்கள். 14 வீத அளவிலான மதுசாரம் உறைப்பை இன்னும் ஏற்றிவிடும். மிஞ்சியதை இறுக மூடி பிரிட்ஜில் வைத்து, மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.