.44 மேக்னம் தோட்டா நிரப்புதல்: கேள்வி பதில்

கேள்வி: பழைய .44 ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் அளவுக்குப் பவுடர் போடலாமா? அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் அப்படித்தானே செய்தார்?

பதில்: வேண்டவே வேண்டாம். அமெரிக்கத் தர வரம்பில் ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு அழுத்தம், மேக்னத்துக்கு 36,000. பழைய துப்பாக்கிகளுக்குள் நுழையக் கூடாதென்றே மேக்னம் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை) 1.16 அங்குலத்திலிருந்து 1.285-ஆக நீட்டினார்கள்.

கேள்வி: எச்110 பவுடரைக் குறைவாகப் போட்டுத் தொடங்கினால் ஆபத்தில்லையே சார்?

பதில்: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மற்ற பவுடர்களில் உச்ச அளவிலிருந்து 10% குறைத்து ஆரம்பிப்பது நல்ல பழக்கம். எச்110 மெதுவாக எரிவது. போதிய அழுத்தம் கிடைக்காவிட்டால் சீராகப் பற்றாது, குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். 3%-க்கு மேல் குறைக்காதீர்கள் என்பது அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்சரிக்கை. மேக்னம் பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இறுக்கமான கிரிம்ப்பும் (கேஸ் வாயைக் குண்டின் மேல் மடித்துப் பிடிப்பது) அவசியம். அளவை நடப்பு மேனுவலில் (பவுடர் அளவுப் புத்தகத்தில்) அதே குண்டுக்குப் பார்த்து எடுங்கள், இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி அல்ல.

கேள்வி: நாலு சுட்டதும் சிலிண்டர் சுற்ற மறுக்கிறது.

பதில்: அதிர்ச்சியில் மீதித் தோட்டாக்களின் குண்டு முன்னால் நகர்ந்து, மூக்கு குழலின் பின்பக்கத்தில் இடிக்கிறது. கிரிம்ப் போதவில்லை, அல்லது கேஸ் வாயை அதிகமாக விரித்திருக்கிறீர்கள். ஒரு தோட்டாவின் நீளத்தைக் காலிப்பர் என்ற அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் சுட்டபின் மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் கிரிம்ப்பைத் திருத்தாமல் அடுத்த தொகுதியைத் தொடாதீர்கள். பிரைமர் மேலே துருத்தியிருந்தாலும் சிலிண்டர் சிக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

கேள்வி: இரட்டைப் பவுடர் விழுந்துவிடுமோ என்று பயம்.

பதில்: நியாயமான பயம். வேகமாக எரியும் பவுடர் கேஸில் கொஞ்ச இடமே பிடிக்கும், இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது. எல்லாக் கேஸுக்கும் பவுடர் போட்டபின், குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து மட்டம் பாருங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும்.

கேள்வி: பிரைமர் தட்டையாகவில்லை. இன்னும் கூட்டலாமா?

பதில்: பிரைமரை நம்பி ரிவால்வரில் அழுத்தத்தைக் கணிக்க முடியாது. காலிக் கேஸ் ஒட்டிக்கொண்டு சுலபமாக வெளியே வராவிட்டால் அங்கேயே நிறுத்தி, அளவைக் குறையுங்கள். சத்தம் மொட்டையாகக் கேட்டாலோ, விசையை மறுபடி இழுக்கக் கூடாது; குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டுக் குழலில் குச்சி விட்டுப் பாருங்கள்.